கிழக்குப் பார்த்து நிறுத்திய வீடு

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ரீச்சர், பள்ளி மலருக்குப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒரு பயணக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார். போன வருடம் ஒரு அப்பா பாரிஸ் போனதை எழுதினார். அதற்கு முந்தின வருடம் ஒரு அம்மா திருப்பதி போனதை எழுதினார். நான் போன பயணம் ஏழு மாதம் நடந்தது. ஆனால் லண்டனைத் தாண்டவில்லை. வால்தம்ஸ்டோவில் தொடங்கி மனோர் பார்க்கில் முடிந்தது. பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம் கூட ஆகாது.

“இதெல்லாம் பயணமோ ரீச்சர்?” என்று கேட்டேன்.

“வீட்டையும் கொண்டெல்லோ போனனீங்கள்? எழுதுங்கோ” என்றார்.

ஆகவே எழுதுகிறேன். நான் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவன். பிழை இருந்தால் அபிராமி திருத்துவாள். அவள் என் மூத்த மகள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இளையவள் தாரணிக்கு ஆறு. என் மனைவி, அவர்களின் அம்மா, பெயர் வசந்தி.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மனோர் பார்க்கில் ஒரு வீடு வாங்க நாங்கள் எல்லாம் பேசி முடித்திருந்தோம். ஆனால் இங்கிலாந்தில் வீடு வாங்குவது பேக்கரியில் பாண் வாங்குவது போல அல்ல. எங்களுக்கு வீடு தருகிறவர் போய் இருக்க இன்னொரு வீடு காலியாக வேண்டும். அந்த வீட்டுக்காரர் போய் இருக்க இன்னொன்று. இப்படி ஐந்து குடும்பம் வரிசையில் நின்றது. வரிசையின் முன்னுக்கு நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மா கடற்கரைப் பக்கம் வீடு தேடினாராம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்குச் சமையலறை யன்னல் பிடிக்கவில்லையாம். அவருக்கு ஒரு யன்னல் பிடிக்கும்வரை எங்களுக்கு வீடு இல்லை.

அப்போதுதான் சவுத்தால் மாமா வந்தார். வசந்தியின் அண்ணன். பெரிய உடம்பு. எந்தக் கதிரையையும் முதலில் கையால் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் அதில் இருப்பார். அவருடைய இரண்டு மகன்மாரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். மாமிக்கும் ஆஸ்பத்திரியில் ஷிப்ட்.

“மூண்டு அறை சும்மா கிடக்குது. வசந்தியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போறன். மச்சான், நீர் வேலை இடத்துக்குக் கிட்ட எங்கயாவது ஒதுங்கும்” என்றார்.

நான் வால்தம்ஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். சவுத்தால் லண்டனின் மற்றத் தொங்கலில். அங்கிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர ஏலாது. அப்படியென்றால் அவர்கள் அங்கே, நான் இங்கே. பிள்ளைகளுக்குப் பள்ளியும் மாற வேண்டும். வசந்தி, “நாலு பேரும் ஒரு இடத்திலதான்” என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு இடம் எது என்பதை அவள் சொல்லவில்லை. அது என் பொறுப்பு.

தினமும் காலையில் எங்களிடம் பத்திரிகை வாங்க வரும் பேர்னாட் என்ற முதியவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தன் வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு தார்ப்பாயை இழுத்தார். உள்ளே ஒரு வீட்டு வான் நின்றது. முன்னால் ஓட்டுகிற இடம், பின்னால் வீடு. இரண்டு பக்கமும் பகலில் இருக்க நீள வாங்கு; இரவில் அவைதான் கட்டில். இரண்டு அடுப்பு, ஒரு குட்டிக் குளிர்ப்பெட்டி, அலுமாரி அளவில் ஒரு கக்கூஸ்.

“இது ஐரோப்பா முழுவதையும் பார்த்துவிட்டது. எனக்குத்தான் இப்போது ஓட்டுகிற அளவுக்குக் கண் தெரியவில்லை. நீங்கள் கொண்டுபோய் இதற்கு இன்னும் ஏதாவது காட்டுங்கள்” என்றார் பேர்னாட்.

நான் அதற்குப் பெற்றோல் நிலையத்தின் பின்வளவையும் கார் கழுவுகிற இடத்தையும் காட்டினேன்.

முதல் நாள் மாமா வந்து வானைச் சுற்றிப் பார்த்தார். சில்லை உதைத்தார். உள்ளே ஏறினார். வான் ஒரு பக்கம் சரிந்தது. பாத்திரங்கள் எல்லாம் அவரை வரவேற்றுச் சத்தம் போட்டன.

“வீடெண்டா அதுக்குச் சில்லு இருக்கக்கூடாது மச்சான்” என்றார்.

“கொஞ்ச நாளைக்குத்தானே.”

“சரி. தைப்பொங்கல் வரைக்கும் பாப்பம். அண்டைக்கு இதுக்குள்ளயே பொங்குங்கோ. பால் கிழக்குப் பக்கம் பொங்கினா நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி, வசந்தி, நீயும் பிள்ளையளும் அண்டைக்கே என்னோட வாறியள்.”

வசந்தி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நேராக அவரைப் பார்த்து, “ஓம் அண்ணை” என்றாள்.

பொங்கல் பானையில் பால் கிழக்குப் பக்கம் வழிந்தால் அந்த வருடம் நல்லது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. வடக்கும் பரவாயில்லை. மற்ற இரண்டு பக்கத்தையும் பற்றி ஒருவரும் சத்தமாகக் கதைக்கமாட்டார்கள். எனக்கும் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பானைப் பாலின் தலையில் ஒரு குடும்பத்தை ஏற்றி வைக்கலாமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இரண்டாம் நாளே குளிர்ப்பெட்டி வேலை செய்யவில்லை. பேர்னாட்டிடம் கேட்டபோது சொன்னார்: “வான் மட்டமாக நிற்காவிட்டால் அது குளிராது. சரிவான பக்கத்துச் சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து ஏற்றுங்கள்.” இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பும் தந்தார். வான் மட்டமா இல்லையா என்று பார்க்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. அதை அவர் இத்தாலியில் தொலைத்துவிட்டார்.

தாரணி ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மாவின் போத்தலில் இருந்து ஒரு காய்ந்த கடலையை எடுத்துத் தரையில் வைத்தாள். அது கடகடவென்று உருண்டு வாங்குக்குக் கீழே போனது. “அப்பா, அந்தப் பக்கம் பள்ளம்” என்றாள். அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் கடலை போடுவது அவள் வேலை. கடலை நின்றால் நாங்களும் நிற்கலாம். உருண்டால் நான் இறங்கி ஆப்பு வைக்க வேண்டும்.

அதற்கிடையில் வசந்தி சாமிப் படங்களை மாட்டினாள். முருகன், பிள்ளையார், லட்சுமி. இடது சுவரில், வாங்குக்கு மேலே. மாட்டி முடித்து இரண்டு அடி பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இஞ்சாருங்கோ, சாமி கிழக்கையெல்லோ பாக்க வேணும். உது இப்ப எந்தப் பக்கம்?” என்றாள்.

அபிராமி பள்ளிச் சுற்றுலாவுக்கு வாங்கிய திசைகாட்டியை எடுத்துப் பார்த்தாள். முருகன் தென்மேற்கில் கார் கழுவுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தி கைகளை இடுப்பில் வைத்தாள். நான் போய் எஞ்சினைப் போட்டேன். வானின் மூக்கு வடக்கே இருந்தால் இடது சுவர்ப் படங்கள் கிழக்கே பார்க்கும். மற்றவர்கள் இடம் இருக்கிறதா என்று பார்த்து வண்டி நிறுத்துவார்கள். நான் ஏழு மாதமும் வடக்குப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

இதனால் வந்த வினை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் போனோம். அங்கே வெள்ளைக் கோடுகள் எல்லாம் கிழக்கு மேற்காகப் போட்டிருந்தார்கள். நான் மூன்று கோட்டுக்குக் குறுக்கே வடக்குப் பார்த்து நிறுத்தினேன். டிக்கெட் எழுதுகிறவர் வந்து கதவைத் தட்டினார். உயரமான ஆபிரிக்கர்.

“ஐயா, மூன்று வண்டி நிற்கிற இடத்தில் நீங்கள் ஒருவரே குறுக்கே படுத்திருக்கிறீர்கள்” என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படங்களைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுசன். முருகனைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “வானைத் திருப்புவதற்குப் பதிலாகக் கடவுளைத் திருப்ப முடியாதா?”

நான் வசந்தியைப் பார்த்தேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

“மற்றச் சுவரில கக்கூஸ் கதவெல்லோ. பின்சுவருக்கு நேர கால் நீட்டிப் படுக்கிறம். சாமிக்குக் கால் காட்டவோ? சொல்லுங்கோ அவருக்கு” என்றாள்.

நான் சொன்னேன். அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “பதினைந்து நிமிடத்தில் வருவேன். கடவுள் எங்கே பார்த்தாலும் சரி, சில்லு கோட்டுக்குள் இருக்க வேண்டும்” என்றார். படியில் இறங்கும்போது மூக்கைச் சுழித்து மணம் பிடித்தார். அடுப்பில் வடை. வசந்தி இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

பிழை அங்கேதான் நடந்தது. அவர் வடையைக் கடித்துக்கொண்டு சந்தைக்குள்ளால் நடந்து போயிருக்கிறார். பத்து நிமிடத்தில் எங்கள் யன்னலுக்கு வெளியே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். முன்னுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண், “ஓட்டை உள்ள அந்தக் காரச் சாமான் இருக்கிறதா?” என்று கேட்டார். “இது கடை இல்லை அம்மா, வீடு” என்றேன். அவர் பின்னால் திரும்பி, “இது ஒரு வீடாம்” என்று மற்றவர்களுக்கு அறிவித்தார். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. இந்த நாட்டில் ஒரு வரிசை உண்டாகிவிட்டால் அதைக் கலைப்பது பெரிய பாடு. வசந்தி ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பினாள். நான் வானை வடக்குத் தெற்காகக் கிடந்த வேறு தெருவுக்குக் கொண்டு போனேன். எங்கள் நால்வருக்கும் அன்று மத்தியானம் பாணும் சம்பலும்.

வானில் சமைப்பதில் இன்னொரு தொல்லை. கூரையில் புகை மணி ஒன்று இருந்தது. கடுகு வெடிக்கத் தொடங்கியதும் அதுவும் கத்தத் தொடங்கிவிடும். பேர்னாட் முப்பது வருடம் முட்டை அவித்துத் தின்றவர், அவருக்கு அது ஒரு நாளும் கத்தியதில்லையாம். அதனால் அம்மா தாளிக்கப் போகிறாள் என்றால் அபிராமி வாங்கில் ஏறி மணிக்குக் கீழே துவாயை விசுக்குவாள். “அம்மா, ரெடி!” என்று அவள் சொன்ன பிறகுதான் கடுகு எண்ணெய்க்குள் போகும். ஐப்பசி மாதம் முழுவதும் எங்கள் சாம்பாரில் துவாய் நூல் இருந்தது.

இனி எழுதப் போவதை எழுதலாமா என்று ரீச்சரிடம் கேட்டேன். “பிள்ளையளுக்கு அதுதான் கூடப் பிடிக்கும்” என்றார்.

வீட்டு வானின் கக்கூஸுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். எல்லாம் அதற்குள்தான் சேரும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, ஒரு பெரிய கக்கூஸில் கொண்டுபோய்க் கவிழ்த்துக் கழுவ வேண்டும். அந்தப் பெட்டிக்குச் சில்லும் இழுக்கிற பிடியும் உண்டு. பார்த்தால் விமானத்தில் கொண்டு போகிற பெட்டி மாதிரியே இருக்கும். என் வேலை இடத்து மனேஜர் அங்கே கவிழ்க்கச் சம்மதித்திருந்தார்.

ஒரு நாள் வானைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு போனேன். எதிரே குமார் வந்தார். கோயிலில் தெரிந்தவர், என்னைவிட வயதில் குறைந்தவர், மரியாதையான பிள்ளை.

“அண்ணை! எங்க பயணம்? ஊருக்கோ?”

“இல்லைத் தம்பி, இதில கிட்டத்தான்.”

“பெட்டியோட போறியள், இதிலயெண்டுறியள். இஞ்சை தாங்கோ” என்று பிடியைப் பறித்தார். எங்கள் ஆட்களிடம் இந்த ஒரு குணம். பெரியவன் கையில் பெட்டி இருந்தால் சின்னவன் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான்.

“வேண்டாம் குமார், நான் கொண்டு போறன்.”

“சும்மா இருங்கோ அண்ணை.” என் வேலை இடத்துப் படிக்கட்டில் இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். உள்ளே சளக் என்று ஒரு சத்தம். “என்ன அண்ணை இப்பிடிப் பாரம்? மிளகாய்த்தூளோ?”

“வீட்டுச் சாமான்” என்றேன். அதில் பொய் இல்லை.

கதவுவரை கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஊருக்குப் போனா அம்மாவைப் பாத்து நான் சுகமெண்டு சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். குமார் இந்த மலரை வாசித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

நல்ல நாட்களும் இருந்தன. கிழமை நாளில் காலை ஐந்தரைக்கு எல்லோரும் நித்திரையாக இருக்கும்போதே இரவு நிறுத்திய தெருவிலிருந்து வானை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன். வீட்டோடு வேலைக்குப் போகிற மனுசன் லண்டனில் எத்தனை பேர்? ஏழு மணிக்கு வசந்தி பின்வளவில் திரைச்சீலையை விலக்கித் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். நான் கண்ணாடிக்குள்ளால் கை காட்டுவேன். எட்டரைக்குப் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போவார்கள். ஒரு நாள் மட்டும் தாரணியின் பள்ளிக் காலுறை ஒன்று பக்கக் கண்ணாடியில் காய்ந்தபடியே என்னோடு வந்து, வழியில் பறந்து போனது. அவள் அன்று ஒரு கால் வெள்ளை, ஒரு கால் நீலமாகப் போனாள்.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு செய்தி. “பிள்ளையளின்ர அறைக்கு ரோசா நிறம் அடிச்சிட்டன்.” அடுத்த கிழமை, “பூப்போட்ட விரிப்பு வாங்கியாச்சு.” பிறகு, “உங்கட பக்கத்துப் பள்ளியை விட எங்கட பள்ளி நல்லமாம், விசாரிச்சனான்.” மழை பெய்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்பார். பிறகு ஞாபகம் வந்தவர் போல, “ஆனா, வீட்டுக்குச் சில்லு இருக்கக்கூடாது” என்பார்.

கார்த்திகை போனது. மார்கழி போனது. கடற்கரை அம்மாவுக்கு இன்னும் யன்னல் பிடிக்கவில்லை. பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம், மனோர் பார்க் பக்கத்துப் பெரிய புல்வெளி ஓரத்தில் வானை நிறுத்தினேன். மூக்கு வடக்கே. தாரணி கடலை போட்டாள். அது இடது பக்கம், மேற்கே உருண்டது. வழக்கமாக நான் கடலை நிற்கும்வரை ஆப்பு வைப்பேன். அன்று கடலை நின்ற பிறகும் வானை இன்னும் ஒரு படி ஏற்றினேன். இப்போது கடலை கிழக்கே ஓடியது. பால் எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம்தான் வழியும். இது சமயம் இல்லை, அபிராமியின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது.

அபிராமி திசைகாட்டியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். “அப்பா, இது கள்ள விளையாட்டு” என்றாள்.

“நாலு பேரும் ஒண்டா இருக்க வேண்டாமோ?” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னும் ஒரு இஞ்ச் ஏத்துங்கோ” என்றாள்.

காலையில் தாரணி உருண்டு வந்து என் மேல் கிடந்தாள். நான் சந்தோசமாக எழுந்தேன். தை மாதத்தில் லண்டன் சூரியன் எட்டு மணிக்குத்தான் வேலைக்கு வரும். நல்ல காலம், மழை இல்லை. கோயில் தண்ணீரில்தான் பொங்க வேண்டும் என்று வசந்தி சொன்னதால், ஒரு கானை எடுத்துக்கொண்டு முருகன் கோயிலுக்கு நடந்து போனேன். கோயிலில் கூட்டம். தண்ணீர்க் குழாயடியில் குமார். “என்ன அண்ணை, ஊருக்குப் போய் அதுக்குள்ள வந்திட்டியளோ?” என்று பிடித்துக்கொண்டார். திரும்பி வர முக்கால் மணித்தியாலம்.

தூரத்தில் இருந்து பார்த்ததுமே ஓடத் தொடங்கினேன். வான் நான் விட்ட இடத்தில் இல்லை. பத்து அடி முன்னால் நின்றது. இரண்டு மஞ்சள் ஆப்பும் புல்லில் தனியே கிடந்தன. பக்கத்தில் மாமாவின் கார். சாமான் ஏற்றுவதற்காகப் பின் சீற்றை மடித்துவிட்டே வந்திருந்தார்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “எங்க போனனீர் மச்சான்? உம்மட வான் சரிஞ்சு கிடந்தது. பொங்கலும் அதுவுமா வீடு சரிஞ்சு நிக்கலாமோ? ஆப்பால இறக்கி முன்னுக்கு விட்டிட்டன். பயப்பிடாதையும், சாமி கிழக்கதான் பாக்குது.”

“நன்றி மச்சான்” என்றேன். வேறு என்ன சொல்ல?

நான் வான் சாவியைத் தேடினேன். அதற்குள் வசந்தி, “தண்ணியைத் தாங்கோ, சூரியன் வந்திட்டுது” என்று கானை வாங்கிப் பானையில் கொஞ்சம் விட்டு, பாலையும் ஊற்றி, அடுப்பை மூட்டிவிட்டாள். அடுப்பில் பானையோடு வானை ஓட்ட ஏலாது. ஏன் ஓட்ட வேண்டும் என்று கேட்டால் பதிலும் இல்லை.

எல்லோரும் உள்ளே. மாமா சாமிப் படத்துக்குக் கீழே, மேற்கு வாங்கில், கையால் அமத்திப் பார்த்துவிட்டு இருந்தார். வாங்கு முனகியது. எனக்கு அபிராமியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பால் மெதுவாகச் சூடேறியது. விளிம்பில் நுரை வந்தது. அந்த நேரம் பார்த்துத் தாரணி, வான் இடம் மாறினால் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்ற பொறுப்போடு, கடலையைத் தரையில் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு நேரே மேற்கே உருண்டு போய் மாமாவின் காலடியில் நின்றது.

“அப்பா! பால் பிழையான பக்கம் போகப் போகுது!” என்று அவள் இங்கிலீசில் கத்தினாள்.

 வசந்தி பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அகப்பையைப் பிடித்த கை இறுகியிருந்தது. மாமா குனிந்து கடலையைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். நுரை ஏறிக்கொண்டிருந்தது, அதன் மேற்கு விளிம்பு ஒரு விரல் உயரமாக இருந்தது. பிறகு தங்கச்சியைப் பார்த்தார்.

ரோசா நிறம் அடித்த அறையும், பூப்போட்ட விரிப்பும், மடித்து வைத்த சீற்றும் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்குமோ தெரியாது. அவர் எழுந்தார்.  இரண்டு அடி வைத்துக் கிழக்கு வாங்குக்குப் போனார். முதல் தடவையாக அமத்திப் பார்க்காமல் தொப்பென்று இருந்தார்.

வானுக்கு அடியில் வில்லுகள் கிறீச்சிட்டன. பாத்திரங்கள் கத்தின. தரையில் கடலை அசைந்தது, திரும்பியது, கிழக்கே ஓடியது. நானும் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அபிராமி என் மடியில் விழுந்தாள். தாரணி மாமாவின் தோளில் ஏறினாள். பால் ஒரு தடவை தளும்பியது. பிறகு எங்கள் பக்கம், சூரியன் வருகிற பக்கம், குபுகுபுவென்று பொங்கி வழிந்தது.

“பொங்கலோ பொங்கல்!” என்று மாமா கத்தினார். பால் அடுப்பில் விழுந்து புகைந்தது. கூரையில் மணி அலறத் தொடங்கியது. ஊரில் பொங்கலுக்கு வெடி கொளுத்துவோம். எங்களுக்கு அந்த மணி போதும். துவாயை ஒருவரும் தேடவில்லை.

நான் எழும்பப் பார்த்தேன். மாமாவும் எழும்பினார். வசந்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“அண்ணை, நீங்கள் அதிலயே இருங்கோ. நான் இன்னும் அரிசி போடேல்லை.”

அரிசி வெந்து, சர்க்கரை போட்டு, இறக்கும்வரை மாமா அசையவில்லை. முதல் வாழையிலை அவருக்குத்தான். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது கார்ச் சீற்றைப் பழையபடி நிமிர்த்திவிட்டார். காரில் கிடந்த பூப்போட்ட விரிப்பை மட்டும், “இஞ்சையே விரியுங்கோ” என்று தந்துவிட்டுப் போனார்.

பங்குனியில் கடற்கரை அம்மாவுக்கு ஒரு யன்னல் பிடித்தது. ஐந்து குடும்பமும் ஒரே நாளில் அசைந்தன. சித்திரையில் நாங்கள் மனோர் பார்க் வீட்டுக்குள் போனோம். செங்கல் வீடு, பக்கத்து வீட்டோடு ஒட்டியது, எந்தப் பக்கமும் அசையாது. புது அடுப்பில் வசந்தி பால் காய்ச்சினாள். மாமாவும் வந்திருந்தார்.

நுரை விளிம்புக்கு வந்ததும், ஒருவரும் சொல்லாமலே நாங்கள் ஐந்து பேரும் கிழக்குச் சுவருக்கு ஓடினோம். வசந்தி அகப்பையோடு ஓடினாள். சுவரோடு ஒட்டி நின்று காத்திருந்தோம். வீடு கொஞ்சமும் சரியவில்லை. பால் தன் பாட்டில் மேற்கே வழிந்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போனது.

மாமா தொண்டையைச் செருமினார். “அப்ப, வசந்தி, நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகவோ?”

“நீங்கள் வேணுமெண்டா வானைக் கொண்டு போங்கோ அண்ணை” என்றாள் வசந்தி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். அவர் பேர்னாட்டிடமும் கேட்டுவிட்டு அன்றைக்கே கொண்டு போய்விட்டார். இப்போது அது சவுத்தாலில் அவர் வீட்டு வாசலில் வடக்குப் பார்த்து நிற்கிறது. மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போனால், அவர் வீட்டுக்குள் இருக்கமாட்டார். வானுக்குள், கிழக்கு வாங்கில் இருப்பார்.